டீலர் மாநாட்டுல ஸ்டால் போடலாமா? பெங்களூருல ஸ்பிரேயர் பண்றவன், அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க

பீன்யா_டேங்க் | திங்கள், காலை 10:14

எல்லாருக்கும் வணக்கம். பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல சின்ன யூனிட் நடத்துறேன், 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் பண்றோம், டேங்க் மட்டும் வெளிய மோல்டிங் குடுத்து வாங்கிக்குவோம், லான்ஸ் (கைல புடிச்சு அடிக்கற குழாய்), ட்ரிக்கர், நாசில் (அதோட நுனில மருந்து தெளிக்கற முனை), வாஷர் செட் எல்லாம் நம்ம ஷெட்லயே. மொத்தம் 11 பேர். சொந்த ஊர் தர்மபுரி பக்கம், பெங்களூரு வந்து 19 வருஷமாச்சு. இதுவரைக்கும் ரெண்டே ரெண்டு டிஸ்ட்ரிப்யூட்டர்தான், ஒருத்தர் கோலார் சைடு, இன்னொருத்தர் ஓசூர் கிருஷ்ணகிரி, அவங்க எடுத்தா எடுத்தது இல்லன்னா இல்ல.

வர்ற பிப்ரவரில தும்கூர் ரோட்டுல உரக்கடை, மருந்துக்கடை டீலர்களுக்குன்னு வருஷா வருஷம் நடக்குற மாநாடு இருக்கு. ரெண்டு நாள், கூடவே எக்ஸிபிஷன். 3க்கு 3 மீட்டர் ஸ்டால், வாடகைக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி, அப்புறம் பிரிண்ட், வண்டி, பசங்களுக்கு சாப்பாடுன்னு கூட்டிப்பாத்தா எங்களுக்கு ரெண்டு மாசத்துல நிக்கற காசு போயிடும். வீட்டுல "இந்தக் காசுக்கு ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழகத்துல நடக்கற கிருஷி மேளாவுல போடலாமே, விவசாயி நேரா வாங்கிட்டுப் போவான்ல"ன்னு கேக்குறாங்க. அதுவும் ஞாயமாத்தான் படுது.

என் கேள்வி இதான். டேங்க் முதுகுல ஒழுகக்கூடாதுங்கறதுக்காகவே மூடி வாஷர்லயும் அடிப்பக்க ஜாயிண்ட்லயும் நாங்க நிறைய செலவு பண்றோம், அதனால மார்க்கெட்ல கிடைக்கற மத்த மிஷினவிட கொஞ்சம் வெல ஜாஸ்தி. எங்க மாமா கத்திரிக்கு மருந்தடிச்சிட்டு வந்து சட்டையக் கழட்டுனா முதுகு பூரா செவந்து கெடக்கும், சின்ன வயசுல அதப் பாத்து வளர்ந்தவன் நான். 2017ல யவத்மால்ல மருந்தடிக்கப் போனவங்க 20 பேருக்கு மேல செத்துப்போனாங்களே, அப்பதான் இந்த வாஷர் விஷயத்துல எறங்குனேன். ஆனா இத ஒரு டேபிள் மேல வெச்சு டீலருக்கு எப்படிப் புரிய வைக்கறது? பாக்கறதுக்கு எல்லா டேங்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.

ஓசூர்_உரக்கடை | திங்கள், மதியம் 1:02

தம்பி, நான் ஓசூர்ல 22 வருஷமா கடை வெச்சிருக்கேன். இந்த மாதிரி மாநாட்டுக்கு வருஷம் தவறாம வர்றவன், அதனால ஸ்டாலுக்கு வெளிய நிக்கறவன் மனசுல என்ன ஓடும்னு சொல்றேன்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசு. ஆதார் வாங்கி, பிஓஎஸ் மிஷின்ல கைரேகை வெச்சு, சர்வர் வர்ற வரைக்கும் காத்திருந்து பில் போட்டு எறக்கிவிட்டா கைல நிக்கறது ஏத்துக்கூலி எறக்குகூலிக்கே சரியாப் போகும். உரம் வாங்க வந்த ஆள் மருந்தும் நுண்ணூட்டமும் மிஷினும் சேத்து வாங்குனாத்தான் கடை ஓடும். அதனால புது ஐட்டம் தேடித்தான் நாங்க மாநாட்டுக்கு வர்றோம், வேடிக்கை பாக்க வர்றதில்ல. ஒருத்தன் ரெண்டு நாள் கடையப் பையன்கிட்ட விட்டுட்டு வர்றான்னா அவனுக்கு அங்க ஒரு காரியம் இருக்குன்னு அர்த்தம்.

ஸ்பிரேயர்னு வந்தா எங்களுக்கு மூணே பயம்தான். மொத பயம், உழவன் மிஷின எடுத்துட்டு திரும்பி வந்து கவுண்டர் மேல வெச்சு "ஓடல"ன்னு சொல்ற அந்த நிமிஷம். கம்பெனிக்காரன் நம்பர் அடிச்சா எடுக்கமாட்டான், உழவன் என் மூஞ்சியத்தான் பாப்பான், அவன் அப்பா காலத்துலேருந்து என்கிட்ட வாங்குறவனா இருப்பான். ரெண்டாவது ஸ்பேர். 15 ரூபா வாஷர் இல்லாம ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்கின மிஷின் மூலைல கெடக்கும். மூணாவது பேட்டரி, இதப்பத்தி யாரும் பேசமாட்டாங்க. சீசன் இல்லாதப்ப ஆறு மாசம் அட்டைப்பெட்டிக்குள்ளயே கெடந்தா லெட் ஆசிட் பேட்டரி செத்துரும். சீல் பிரிக்காத புது மிஷின், சார்ஜ் ஏறாது. நஷ்டம் யாருக்கு? கம்பெனி "பேட்டரிக்கு ஆறு மாசம்தான் வாரண்டி, பில் தேதியப் பாருங்க"ன்னு சொல்லிடும்.

நீங்க ஸ்டால்ல வேற எதையும் காட்டலன்னாலும் இந்த மூணுக்கும் பதில் காட்டுங்க. பதில் இருந்தா டீலர் தானா நிப்பான்.

யெலகங்கா_சேல்ஸ் | திங்கள், மாலை 6:40

ஒரு மருந்து கம்பெனில 14 வருஷம் ஃபீல்டுல இருந்தேன், இப்ப சொந்தமா டிஸ்ட்ரிப்யூஷன். ஸ்டால் போடறதப்பத்தி மட்டும் சொல்றேன்.

இடம் எடுக்கறப்ப ஹால் மேப்ப வாங்கி வெச்சுக்கிட்டு மூணு விஷயம் பாருங்க, உள்ள வர்ற வாசல் எங்க, சாப்பாடு எங்க, மேடை இருக்கற ஹால் எங்க. வாசலுக்கு நேர் மொத வரிசை பெரிய கம்பெனிங்க எடுத்துருவாங்க, அது வேணாம், அங்க கூட்டம் நிக்காம உள்ள போயிட்டே இருக்கும். சாப்பாட்டுக்குப் போற வழில, கார்னர்ல, ரெண்டு பக்கம் திறந்த ஸ்டால் கெடைச்சா கொஞ்சம் காசு அதிகம்னாலும் எடுங்க. மொத நாள் காலைல துவக்க விழா, மந்திரி அதிகாரி பேச்சுன்னு எல்லாரும் மேடை ஹால்லயே இருப்பாங்க, ஸ்டால் காத்தாடும், பயந்துராதீங்க. 12:30லேருந்து 3 வரைக்கும்தான் அலை. ரெண்டாவது நாள் மதியத்துக்கு மேல பஸ்ஸுக்கு ஓடுவாங்க, ஆனா அந்த நேரத்துலயும் நின்னு பேசறவன் நெஜமாவே ஆர்டர் போட வந்தவன், அவனுக்காக கடைசி வரைக்கும் ஸ்டாலக் கழட்டாதீங்க.

ஷெல் ஸ்கீம் எடுத்தீங்கன்னா சுவர் பேனல், மேல பேர் எழுதின பலகை, ஒரு டேபிள், ரெண்டு நாற்காலி, லைட்டு, ஒரு 5 ஆம்ப் பிளக் வரும், வழக்கமா அவ்வளவுதான். உங்களுக்கு சார்ஜர் ஓடணும், டெமோ ஓடணும், எக்ஸ்ட்ரா பாயிண்ட் முன்னாடியே எழுதிக் குடுங்க, அன்னைக்குக் காலைல கேட்டா எலக்ட்ரீஷியன் கைல கெடைக்கமாட்டார். ஹாலுக்குள்ள தண்ணி ஓட்டறதுக்கு அனுமதி கேட்டே ஆகணும், கீழ கார்பெட், பக்கத்து ஸ்டால்ல கரண்ட்டு.

இன்னொண்ணு, கன்னடம் நல்லாப் பேசறவர் ஒருத்தர் கட்டாயம் நிக்கணும். கோலார், சிந்தாமணி ஆளுங்க தெலுங்கும் பேசுவாங்க, மண்டியா, தும்கூர், ஹாசன் டீலர் கன்னடத்துலதான் மனசு விட்டுப் பேசுவான். தமிழ்ல பேசற டீலரும் ஓசூர், தாளவாடி, சாம்ராஜ்நகர் பார்டர்லேருந்து வருவாங்க. பாம்ப்லெட் ஒரு பக்கம் கன்னடம், பின்னாடி தமிழ். இங்கிலீஷ்ல பளபளன்னு 16 பக்கம் அடிச்சு குடுத்தா அது வடை வெக்கத்தான் ஆகும்.

சர்ஜாபுரா_மண்வாசம் | திங்கள், இரவு 9:15

நான் உயிர் உரம் பண்றவ. எனக்கு நடந்தத சொல்றேன், இத இங்க யாரும் இன்னும் தொடல.

நாலு வருஷத்துக்கு முன்னாடி வேற ஊர்ல ஒரு டீலர் மீட்டிங்ல எங்க மொத ஸ்டால். பக்கத்து ஸ்டால் நண்பர் ஒருத்தர் பூச்சிமருந்து பாட்டில் நாலஞ்ச "கொஞ்சம் உங்க டேபிள்ல வெச்சுக்கோங்க, என் இடம் பத்தல"ன்னு வெச்சிட்டுப் போனார். மதியம் இன்ஸ்பெக்டர் வந்து லைசென்ஸ் எங்கன்னு கேட்டார். விக்கலியே, சும்மா வெச்சிருக்கோம்னு சொன்னேன். 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம் 13ஆவது பிரிவப் படிச்சுப் பாருங்கம்மா, விக்கறது, இருப்பு வைக்கறது மட்டுமில்ல, விற்பனைக்காக காட்சிக்கு வெச்சாலும் லைசென்ஸ் வேணும்னு காட்டினார். அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனா அன்னைக்கு முழுக்க நான் ஒரு டீலர்கிட்டயும் ஒழுங்காப் பேச முடியல, கை நடுக்கம். எங்க உயிர் உரத்துக்கு எல்லாப் பேப்பரும் இருந்துச்சு, அதையெல்லாம் வீட்டுல வெச்சிட்டு வந்திருந்தேன், அதுதான் என் தப்பு.

உங்களது மிஷின், அந்த லைசென்ஸ் தேவையில்ல. ஆனா டெமோவுக்கு அழகுக்குன்னு யாராவது மருந்து பாட்டில் வெச்சா வேணாம்னு சொல்லிடுங்க. டேங்க்ல வெறும் தண்ணி, அதுவும் மருந்தே படாத புது டேங்க். உரம், நுண்ணூட்டம், பயோ ஸ்டிமுலன்ட் (பயிர் வளர்ச்சியத் தூண்டற பொருள்)னு பண்றவங்க இதப் படிச்சா, உரக் கட்டுப்பாட்டு ஆணைல உங்க பதிவுக் காகிதம், டீலருக்குக் குடுக்கற ஓ ஃபார்ம் (சரக்கு இந்தக் கம்பெனிலேருந்துதான் வருதுன்னு சொல்ற சான்று) மாதிரி ரெண்டும் ஃபைல் போட்டு டேபிள்லயே வைங்க. இப்பல்லாம் டீலர் மொத கேள்வியே "ஓ ஃபார்ம் குடுப்பீங்களா"ன்னுதான், அது இல்லாம அவர் ஏ1 (விற்பனை அனுமதிக்குப் போடற ஃபார்ம்) போட்டு உங்க சரக்க லைசென்ஸ்ல ஏத்த முடியாது. 2021ல பயோ ஸ்டிமுலன்ட்ட ஆணைக்குள்ள கொண்டுவந்ததுக்கு அப்புறம் டீலருங்க ரொம்ப உஷார்.

பீன்யா_டேங்க் | செவ்வாய், காலை 7:50

மேடம், இத சொன்னதுக்கு ரொம்ப நன்றி, நான் நெஜமாவே ரெண்டு காலி மருந்து பாட்டில் வெக்கலாம்னுதான் நெனச்சேன், அத விட்டுட்டேன். ஓசூர் அண்ணா, பேட்டரி விஷயம் நீங்க சொல்றப்பதான் உறைக்குது, எங்க கோலார் டிஸ்ட்ரிப்யூட்டர் போன வருஷம் 14 மிஷின் திருப்பி அனுப்புனார், எல்லாமே சார்ஜ் ஏறல, நாங்க பேட்டரி சப்ளையரத் திட்டிட்டு இருந்தோம்.

கொத்தனூர்_தக்காளி | செவ்வாய், காலை 9:33

நான் டீலர் இல்ல, உழவன். எனக்கு ஒண்ணு புரியல. மேளாவுல போட்டா நான் நேரா கைல தொட்டுப் பாத்து வாங்குவேன். நவம்பர்ல ஜிகேவிகேல அவ்வளவு ஜனம் வருது. இவங்க எதுக்கு நடுவுல இருக்கறவங்களுக்கு மட்டும் காட்டணும்?

யெலகங்கா_சேல்ஸ் | செவ்வாய், காலை 11:20

அண்ணா கேக்கறது சரியான கேள்வி. மேளாவுல வித்துக்கலாம், ஆனா அங்க எல்லாரும் "மேளா வெல"ன்னு குறைச்சுத்தான் விப்பாங்க. 300 ரூபா குறைச்சு வித்தீங்கன்னு வைங்க, அந்த ஆள் ஊருக்குப் போயி கடைல "நீ ஏன் இவ்வளவு சொன்ன"ன்னு சண்ட போடுவான். அந்தக் கடைக்காரன் அன்னையோட உங்க மிஷின ஷோகேஸ்லேருந்து எடுத்து குடோன்ல போட்டுருவான். ரெண்டு நாள்ல அறுபது மிஷின் வித்துட்டு வருஷம் முழுக்க விக்கவேண்டியத கெடுத்துக்கிட்ட ஆளுங்கள பாத்திருக்கேன். மேளாவுக்குப் போனா கடை வெலையிலயே வில்லுங்க, இல்லன்னா டெமோ மட்டும் காட்டி பக்கத்து ஊர் டீலர் நம்பரக் குடுங்க.

கொத்தனூர்_தக்காளி | செவ்வாய், மதியம் 12:05

சரி, அது ஒத்துக்கறேன். மேளாவுல வாங்கின மிஷினுக்கு ட்ரிக்கர் போனப்ப நானும் யாருகிட்ட போறதுன்னு தெரியாம அலைஞ்சேன். ஆனா ஒண்ணு கேளுங்க, டீலர்கிட்ட பேசறப்ப முதுகுல மாட்டற பெல்ட்டப் பத்தியும் பேசுங்க. 16 லிட்டர் தண்ணியும் மிஷினும் சேந்து முதுகுல ஏறுனா பட்ட பெல்ட் தோள்ள அறுக்கும். எங்க வீட்டுல அவங்களும் மருந்தடிப்பாங்க, அவங்களுக்கு அந்த பெல்ட் நீளமே பொருந்தாது.

ஜிகேவிகே_அக்ரி | செவ்வாய், இரவு 8:28

எம்எஸ்சி படிக்கிறேன், ஸ்பிரே சம்பந்தமாத்தான் ஆராய்ச்சி. ஸ்டால்ல காட்டறதுக்கு ஒரு பொருள் சொல்றேன் அண்ணா, வாட்டர் சென்சிட்டிவ் பேப்பர். மஞ்சக் கலர்ல இருக்கும், தண்ணித் துளி பட்ட எடம் மட்டும் நீலமா மாறும். சின்னச் சின்னத் துண்டா வெட்டி நாசிலுக்குக் கீழ வெச்சு ஒரு தடவ அடிச்சீங்கன்னா துளி எவ்வளவு பெருசு, எங்க சமமா விழுது, எங்க விழலன்னு கண்ணுக்கே தெரியும். வெரல் ஈரமா இருந்தா வேர்வைக்கே நீலமாயிடும், அதனால ஓரத்தப் புடிங்க, இல்லன்னா இடுக்கில எடுங்க.

புது நாசில் ஒண்ணு, ரெண்டு வருஷம் ஓடித் தேஞ்ச நாசில் ஒண்ணு வைங்க. ஒரு நிமிஷம் ஓடவிட்டு அளவு ஜார்ல புடிங்க. புதுசவிட 10 பர்சன்ட்டுக்கு மேல தண்ணி கூட வந்தா மாத்தியே ஆகணும்னு நாங்க படிக்கிறோம், தேஞ்சதுல மருந்து வீணாப் போகும், துளியும் பெருசாகி இலைலேருந்து வழியும். அதோட பூச்சிமருந்து, பூஞ்சாணமருந்துக்கு ஹாலோ கோன் (கூம்பு மாதிரி அடிக்கற நாசில்), களைக்கொல்லிக்கு ஃபிளாட் ஃபேன் இல்ல ஃபிளட் ஜெட் (தட்டையா விசிறி மாதிரி அடிக்கறது), இது டீலர்ல நெறயப் பேருக்குத் தெரியும், ஏன்னா இப்ப பல பேர் டேசி டிப்ளமோ முடிச்சிருக்காங்க, ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் உரம் மருந்து டீலர்களுக்காக 2003ல ஆரம்பிச்ச ஒரு வருஷக் கோர்ஸ். அவங்கள ஒண்ணும் தெரியாதவங்களா நெனச்சுப் பேசாதீங்க, கேள்வி கேளுங்க, அவங்களே உங்களுக்குப் பாடம் எடுப்பாங்க.

ராஜாஜிநகர்_கணக்கு | புதன், காலை 10:47

கணக்கு பாக்கறவன்ங்கற முறைல ரெண்டு விஷயம்.

உத்யம் பதிவு (சிறுதொழில்னு அரசாங்கத்துல பண்ற பதிவு) இருக்கற மைக்ரோ, சின்ன யூனிட்டுகளுக்கு ஸ்டால் வாடகைல ஒரு பங்கு திருப்பிக் குடுக்கற ஸ்கீம் எம்எஸ்எம்இ, அதாவது குறு சிறு நடுத்தரத் தொழில் அமைச்சகத்துல இருக்கு, கொள்முதல், சந்தைப்படுத்தல் உதவின்னு. ஆனா எல்லாக் கண்காட்சிக்கும் கெடைக்காது, காசு கட்டறதுக்கு முன்னாடியே ராஜாஜிநகர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல இருக்கற எம்எஸ்எம்இ ஆபீஸ்ல நேராப் போயி கேட்டுட்டு வந்துடுங்க. பெண் தொழில்முனைவோர், எஸ்சி எஸ்டி யூனிட்டுக்கு சலுகை கூடுதல்.

ரெண்டாவது கடன். ஸ்டால்ல நிக்கற சந்தோஷத்துல "90 நாள் கிரெடிட் சார், எடுங்க"ன்னு வாய விட்டுறாதீங்க. உங்கள மாதிரி உற்பத்தி பண்ற சின்ன யூனிட்டுக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள், இதுதான் எம்எஸ்எம்இ சட்டம். 2023 ஃபைனான்ஸ் ஆக்ட்ல வருமான வரிச் சட்டம் 43பி-ல எச் பிரிவு கொண்டுவந்து, அந்தக் கெடுவத் தாண்டினா வாங்கினவர் பணம் குடுக்கற வருஷம்தான் அந்தச் செலவக் கணக்குல கழிக்க முடியும்னு ஆக்கிட்டாங்க. இத மிரட்டற மாதிரி சொல்லாம, பாம்ப்லெட்ல உத்யம் நம்பரும் 45 நாளும் சின்னதாப் போட்டுடுங்க, அவர் ஆடிட்டரே அவருக்குச் சொல்லிக்குவார்.

ஓசூர்_உரக்கடை | புதன், மதியம் 2:10

கணக்கு சார் சொல்றது சட்டம், நான் மறுக்கல. ஆனா எங்க நெலமையும் கேளுங்க. உழவன் எங்ககிட்ட அறுவடை முடிஞ்சுதான் காசு தர்றான், தக்காளி வெல விழுந்தா அதுவும் அடுத்த போகத்துக்குப் போயிடும். 45 நாள்ல நான் எங்கேருந்து எடுத்துக் குடுப்பேன்? அதனால தம்பி, கடன் நாள இழுக்காதீங்க, சரக்கக் கொறச்சுக் குடுங்க. எடுத்தவுடனே 20 மிஷின் தள்ளாம ரெண்டு குடுங்க. இந்தத் தொழில்ல பிளேஸ்மென்ட் (கடைல சரக்க எறக்கறது), லிக்விடேஷன் (அது உழவனுக்கு வித்துத் தீர்றது)னு ரெண்டு வார்த்தை ஓடுது, கம்பெனி பையன் டார்கெட்டுக்காக பிளேஸ்மென்ட் பண்ணிட்டு மார்ச் 31 முடிஞ்சதும் காணாமப் போயிடுவான், லிக்விடேஷன் எங்க தலைல. கம்பெனி கூட்டிட்டுப் போற தாய்லாந்து டூர் ஆசைல குடோன் நிறைய எடுத்து, எக்ஸ்பயரி ஆனதத் திருப்ப முடியாம நெலத்த வித்த டீலர எனக்குத் தெரியும். ரெண்டு மிஷின் குடுத்து வித்தாச்சான்னு போன் பண்ணிக் கேக்கறவன நான் விடவே மாட்டேன்.

சிவாஜிநகர்_பிரிண்ட் | புதன், மாலை 5:30

பேனல் ஒண்ணு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், ரெண்டரை மீட்டர் உயரம் வரும், ஆனா ஃபிரேம் போக தெரியற அளவு கொஞ்சம் கம்மி, அவங்க தர்ற அளவுத்தாள் வாங்காம பிரிண்ட் குடுக்காதீங்க. எழுத்து எல்லாம் இடுப்புக்கு மேல வரட்டும், கீழ டேபிள் மறைச்சிடும். நாலு வார்த்தைக்கு மேல தலைப்பு வேணாம், நடந்து போறவன் ரெண்டு செகண்ட்தான் பாப்பான்.

பீன்யா_டேங்க் | (எட்டு வாரம் கழிச்சு) ஞாயிறு, இரவு 10:05

ஸ்டால் போட்டோம். முடிஞ்சு பத்து நாளாச்சு. என்ன நடந்துதுன்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

கார்னர் ஸ்டால் கெடைக்கல, சாப்பாட்டு வழில நடு ஸ்டால் கெடைச்சுது. மெட்ரோ இப்ப மாதாவரா வரைக்கும் வந்துட்டதால பசங்க ட்ராஃபிக்ல மாட்டாம காலைல 8 மணிக்கே வந்துட்டாங்க. பின்பக்கப் பேனல்ல கன்னடத்துல "முதுகு நனையாது"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ரெண்டே வார்த்தை, கீழ தமிழ்ல அதே.

டேபிள் மேல மூணு விஷயம்தான் வெச்சோம். ரெண்டடி அக்ரிலிக் பெட்டி, உள்ள நாசில், கீழ ட்ரே, தண்ணி வெளிய ஒரு சொட்டு வராது. அதுல அந்த மஞ்சப் பேப்பர். தேஞ்ச நாசில்ல அடிச்ச பேப்பர்ல நடுவுல திட்டுத் திட்டா நீலம், ஓரத்துல மஞ்சளாவே நிக்குது, புது நாசில்ல அடிச்சதுல கடுகு தெளிச்ச மாதிரி பொடிப்பொடியா பரவியிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சப்ப மண்டியா டீலர் ஒருத்தர் ரெண்டையும் எடுத்து வெளிச்சத்துல பாத்துட்டு, சட்டப்பையில போட்டுக்கிட்டார், "இத எங்க கடை கவுண்டர் கண்ணாடிக்கு அடில வெக்கறேன், நாசில் மாத்தச் சொன்னா எவனும் கேக்கமாட்டேங்கறான்"னு கன்னடத்துல சொன்னார். அதுக்கப்புறம் நாங்களே எல்லாருக்கும் ரெண்டு பேப்பர் குடுக்க ஆரம்பிச்சோம். பேனா, கீ செயின் எதுவும் குடுக்கல.

ரெண்டாவது, 16 லிட்டர் முழுக்கத் தண்ணி நெரப்பின டேங்க்க முதுகுப்பக்கம் கீழ வர்ற மாதிரி படுக்கப் போட்டு, அடில மடிச்ச வெள்ளை வேட்டி. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்னு. மொத நாள் 12:45, கூட்டம் நல்லா நிக்குது, எங்க பையன் என் காதுல வந்து "அண்ணா ஈரம்"னான். மூடி பக்கத்துல வேட்டில ஒரு ரூபா காசு அளவு நனைஞ்சிருந்துச்சு. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. மறைக்கலாம்னு ஒரு நொடி தோணுச்சு, ஆனா முன்னால நின்ன சிந்தாமணி டீலர் ஏற்கனவே பாத்துட்டார். சரின்னு எல்லார் முன்னாடியும் டேங்க்க நிமித்தி மூடியக் கழட்டுனேன். வாஷர் ஒரு எடத்துல மடங்கி உக்காந்திருந்துச்சு, காலைல அவசரத்துல மூடினது நான்தான். ஸ்பேர் டப்பாலேருந்து புது வாஷர் எடுத்து, வெரலாலயே அழுத்தி உக்கார வெச்சு, மூடித் திரும்ப படுக்கப் போட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அந்த டீலர் "ஸ்பேனர் வேணாமா?"ன்னு கேட்டார். வேணாம்னேன். "இத என் கடைப் பையனே பண்ணிடுவானே"ன்னார். அதுவரைக்கும் வெல ஜாஸ்தின்னு சொல்லிட்டு இருந்தவர் அதுக்கப்புறம் வெலையப் பத்திப் பேசவே இல்ல, ஸ்பேர் டப்பாவுல என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தார். சாயங்காலம் 6 மணிக்கு வேட்டி அந்த ஒரு வட்டம் தவிர காஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டாவது நாளும் அதே வேட்டியத்தான் போட்டேன், அந்தக் கறையோட, கேட்டவங்களுக்கு நடந்தது நடந்தபடி சொன்னேன்.

மூணாவது அந்த ஸ்பேர் டப்பாதான். ஓசூர் அண்ணா சொன்னத வெச்சு பண்ணுனது. மூடி வாஷர், ட்ரிக்கர், ரெண்டு வகை நாசில், ஃபில்டர், சார்ஜர் பின், ஃபியூஸ். ரெண்டு மிஷின் எடுக்கற டீலருக்கு ஒரு டப்பா சும்மா, தீந்தா ரீஃபில் காசுக்கு. பேட்டரிக்கு அட்டைப்பெட்டி மேலயே சார்ஜ் போட்ட தேதி எழுதற ஸ்டிக்கர் ஒட்டிட்டோம், மூணு மாசத்துக்கு ஒருக்கா பெட்டியப் பிரிக்காமலே வெளிய இருக்கற பின்ல சார்ஜ் போடலாம், வாரண்டி டீலர் உழவனுக்குப் போடற பில் தேதிலேருந்து. இந்த ஒரு வரியச் சொன்னப்ப ரெண்டு பேர் திரும்பச் சொல்லச் சொன்னாங்க.

எல்லாரும் கேட்ட கேள்வி "சர்வீஸ் யாரு மாடுத்தாரே?" (சர்வீஸ் யாரு பண்ணுவாங்க). அடுத்தது "சப்சிடில வருதா?" ரைத்த சம்பர்க்க கேந்திராவுல (கர்நாடக அரசோட உழவர் மையம்) சப்சிடி மிஷின் குடுக்கறாங்க, அந்த லிஸ்ட்ல ஏற அங்கீகாரம் உள்ள சோதனை மையத்துல டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கணும், எங்ககிட்ட இன்னும் இல்ல. இல்லன்னு நேராவே சொன்னோம், அதுல சில பேர் போயிட்டாங்க, அது எங்க அடுத்த வேலை.

விசிட்டிங் கார்டு டப்பா வெக்கல, ஒரு நோட்டு. ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துல அவர் கேட்ட கேள்விய அவர் வார்த்தைலயே எழுதுனோம். அப்புறம் போன் பண்றப்ப "சார் நீங்க அன்னைக்கு பெல்ட்டப் பத்தி கேட்டீங்களே"ன்னு ஆரம்பிக்க முடிஞ்சுது. நோட்டுல இருந்த எல்லாருக்கும் அஞ்சு நாளுக்குள்ள போன் பண்ணி முடிச்சோம். இதுவரைக்கும் ஒன்பது கடை ரெண்டு ரெண்டு மிஷின் எடுத்திருக்காங்க. போட்ட காசு இன்னும் வரல, அதையும் சொல்லிடறேன், ஜூன் மழை பாத்துட்டுத்தான் தெரியும்.

கொத்தனூர் அண்ணா, உங்க வீட்டுல அவங்களுக்காக பெல்ட்ல நடுவுல இன்னொரு பக்கிள் போட்டு சின்னதாக்கற மாதிரி ஒரு சாம்பிள் தெச்சிருக்கோம், போட்டுப் பாத்து சொன்னா நல்லா இருக்கும்.

கொத்தனூர்_தக்காளி | திங்கள், காலை 6:12

கொண்டாங்க. இந்த வாரம் தக்காளிக்கு மருந்தடிக்கணும், அவங்களே மாட்டிப் பாத்து சொல்லுவாங்க.

சர்ஜாபுரா_மண்வாசம் | திங்கள், காலை 9:40

வேட்டில ஈரம் தெரிஞ்சப்ப நீங்க நின்ன விதம் படிச்சதுல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த வருஷம் நானும் ஃபைலோட வர்றேன், பக்கத்துப் பக்கத்து ஸ்டாலா எடுக்கலாமா?

ஓசூர்_உரக்கடை | திங்கள், மதியம் 12:30

தம்பி, நான் அந்த ரெண்டாவது நாள் வந்தேன், ஸ்டால் முன்னாடி கூட்டமா இருந்துச்சு, தொந்தரவு பண்ணவேணாம்னு நின்னு பாத்துட்டு போயிட்டேன். வியாழக்கிழமை வண்டி அத்திபெலே வழியா வந்தா எனக்கு ரெண்டு மிஷின், ஒரு ஸ்பேர் டப்பா எறக்கிட்டுப் போகச் சொல்லுங்க. நாசில்ல ஹாலோ கோன் கூட நாலு வைங்க, இங்க ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் அதுதான் ஓடும். அந்த மஞ்சப் பேப்பரும் ரெண்டு. மதியம் 2லேருந்து 4 வரைக்கும் கடை சாத்தியிருக்கும், அதுக்கு முன்னாடி வரச் சொல்லுங்க.